குளிர்காலத்தில் பார்க் ரேடியோவை மூட்டை கட்ட வேண்டுமா?

கேள்வி, 2024 ஏப்ரல் 10

"நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறேன். போன மாதம் அமெச்சூர் ரேடியோ உரிமத்துக்கான டெக்னீசியன், ஜெனரல் இரண்டு தேர்வையும் ஒரே நாளில் எழுதி முடித்தேன். எங்கள் குடியிருப்புச் சங்கம் கூரையில் ஒரு ஆன்டெனாக் குச்சிகூட வைக்க விடாது, அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பார்க்குக்குப் போய்ப் பேசுவதுதான் கதி. விசாரித்தால் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: பார்க் ரேடியோ ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும், குளிரில் சிக்னலும் இருக்காது, ஆளும் இருக்காது, அப்படியே போவதானால் 100 வாட் வேண்டும். ஆறு மாதம் அலமாரியில் தூங்கப் போகும் பெட்டிக்கு எதற்கு அவ்வளவு காசு? 10 வாட் போதாதா?"

2024 ஏப்ரல் 11

குளிரில் சிக்னல் இருக்காது என்று யார் சொன்னது? கை விறைக்கும், மூக்கு ஒழுகும், வீட்டில் திட்டு விழும். சிக்னலுக்கு ஒரு குறையும் வராது.

வாட் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 10 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே 10 டெசிபெல். சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி 6 டெசிபெல். அதாவது பத்து மடங்கு மின்சாரத்தைக் கொட்டினாலும் எதிராளியின் முள் இரண்டு படி முழுசாக ஏறாது. அந்தக் காசில் ஆன்டெனாவுக்கு நல்ல வயரும், அதை மரத்தில் ஏற்றக் கயிறும் வாங்குங்கள்.

அப்புறம் பார்க்ஸ் ஆன் தி ஏர், அதாவது நாங்கள் போட்டா என்று சொல்வது, 10 வாட்காரர்களுக்கு வாகாக அமைந்த விளையாட்டு. 2016-ல் அமெரிக்க தேசியப் பூங்கா சேவையின் நூற்றாண்டுக்காக அமெரிக்க அமெச்சூர் ரேடியோ சங்கமான ஏஆர்ஆர்எல் ஒரு வருட நிகழ்ச்சி நடத்தியது. அது முடிந்ததும் விட மனமில்லாதவர்கள் தொடர்ந்ததுதான் இது. ஒரு பார்க்கிலிருந்து ஒரே யுடிசி (உலகப் பொது நேரம்) நாளுக்குள் 10 தொடர்பு எடுத்தால் கணக்கில் சேரும். எந்த அலைவரிசையில் இருக்கிறீர்கள் என்று போட்டா இணையதளத்தில் போட்டுவிட்டால், வீட்டில் பெரிய ஆன்டெனா வைத்துக்கொண்டு பார்க் நிலையங்களை வேட்டையாடும் ஹன்டர்கள் உங்களைத் தேடி வருவார்கள். நீங்கள் முனகினாலும் கேட்டுக்கொள்வார்கள்.

ஆகவே 10 வாட். முடிவு.

அதே நாள், இரவு

தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டது: எச்1பி விசாவில் இருந்தால் உரிமம் தருவார்களா? தருவார்கள். வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இல்லாத யாரும் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் உரிமம் எடுக்கலாம், குடியுரிமை கேட்பதில்லை. டெக்னீசியனில் 35 கேள்விக்கு 26 சரியாக வேண்டும், ஜெனரலுக்கும் அதே கணக்கு. அரசுக் கட்டணம் 35 டாலர். டெக்னீசியனோடு நின்றுவிடாதீர்கள். குறுகிய அலையில் அதற்குக் குரலில் பேசும் உரிமை 10 மீட்டர் பேண்டில் (அலைநீளத்தால் பெயர் வைத்த அலைவரிசைப் பட்டை) மட்டும்தான், 28.3 முதல் 28.5 மெகாஹெர்ட்ஸ் வரை. பார்க்கில் சோறு போடுவது 20 மீட்டர், 40 மீட்டர் பேண்டுகள்.

தமிழில் பேசலாமா என்றால், தாராளமாக. உரிமத்தோடு தரும் அழைப்புக் குறியை மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும், முடிக்கும்போதும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

2024 ஏப்ரல் 28

வசந்தம். 5-ஆம் தேதி 4.8 அளவு நிலநடுக்கம், 8-ஆம் தேதி சூரிய கிரகணம் என்று ஜெர்சிக்கு இந்த ஏப்ரல் வேடிக்கையாகத்தான் விடிந்தது. கிரகணத்தன்று இங்கே சூரியன் சுமார் 90 சதவீதம் மறைந்தது. நடுப்பகலில் 40 மீட்டரைத் தின்னும் டி அடுக்கு (வானத்து அயனி அடுக்குகளில் கீழே இருப்பது) அந்த நேரத்துக்கு மெலிந்துவிடும், தூரத்து நிலையங்கள் மேலே எழும்பும். தினமும் சாயங்காலம் நடப்பதுதான், அன்று மதியமே ஒரு ஒத்திகை.

வயர் எறிவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் வழக்கம்: அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதி நீர், கழுத்தில் மெல்லிய நைலான் கயிறு. எட்டு, பத்து மீட்டர் உயரக் கிளையைக் குறிவைத்து அடியிலிருந்து வீசி எறிய வேண்டும். கயிற்றைச் சுருட்டாமல் தரையில் தளர்வாகக் கொட்டி வைத்தால் சிக்காமல் ஓடும். அதன் நுனியில் 20 மீட்டர் நீள எண்ட் ஃபெட் (ஒரு முனையில் ரேடியோவோடு இணைக்கும்) வயரைக் கட்டி இழுத்துவிடலாம். ஒரே வயர் 40, 20, 15, 10 மீட்டர் நான்கிலும் வேலை செய்யும். சில பார்க்குகளில் மரத்தைத் தொடவே கூடாது, அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அங்கே நீட்டி மடக்கும் ஃபைபர் கம்பம்தான் வழி. "மீன் கிடைச்சுதா?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள். கிடைச்சுது, ஸ்லோவேனியாவிலிருந்து ஒன்று, என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

உண்ணி. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மே முதல் ஜூலை வரை மான் உண்ணியின் குஞ்சுகள் கசகசா அளவில் புல் நுனியில் காத்திருக்கும். லைம் நோயை அதிகம் பரப்புவது இவைதான், ஜெர்சி அதற்குப் பேர் போன மாநிலம். நாம் செய்வது என்ன? செங்குத்து ஆன்டெனாவுக்காக நாலைந்து ரேடியல் வயரைப் புல்லில் பரப்பி, இரண்டு மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாக விரலிடுக்கில் உருவிச் சுருட்டுகிறோம். உண்ணிக்கு இதைவிடச் சவுகரியமான பஸ் கிடையாது. சுருட்டும் கையில் ஒரு பழந்துணியை வைத்து அதன் வழியாக வயரை இழுங்கள். வெள்ளைத் துணியாக இருந்தால் ஏறியது கண்ணில் படும். சட்டை, கால்சட்டைக்கு முன்னாளே பெர்மெத்ரின் தெளித்துக் காயவைத்துவிடுங்கள்.

2024 மே 13

சனிக்கிழமை ரேடியோ கெட்டுவிட்டதா என்று ஐந்தாறு பேர் கேட்டிருக்கிறீர்கள். கெடவில்லை. வெள்ளி இரவு வந்தது ஜி5, புவிகாந்தப் புயலில் அதற்கு மேல் படி கிடையாது. 2003-க்குப் பிறகு இப்போதுதான். வடதுருவ ஒளி ஜெர்சியையும் தாண்டித் தெற்கே தெரிந்தது. அந்த அழகுக்குக் கொடுத்த விலை, மறுநாள் பகல் முழுக்கக் குறுகிய அலை சவக்கிடங்கு. 20 மீட்டரில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருட்டினேன், வெறும் சீறல்தான். கேபிளைக் கழற்றி மாட்டி, ஃபியூஸ் பார்த்து, பேட்டரி பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். கிளம்புமுன் புவிகாந்தக் கலக்கத்தை அளக்கும் கே குறியீட்டைப் பாருங்கள். 5-ஐத் தாண்டினால் அன்றைக்கு எலுமிச்சை சாதம் மட்டும் கட்டிக்கொண்டு போங்கள்.

2024 ஜூன் 24

ரேடியோக்காரர்கள் வெளியே போய் நிலையம் போடும் வருடாந்தர ஃபீல்ட் டே முடிந்தது. ஜூன் நான்காம் வார இறுதி, 1933 முதல் நடக்கிறது. அனல் காற்றோடு நடந்தது, அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

சொல்ல வேண்டியது ஜூன் மாலைகளைப் பற்றி. யுடிசி நாள் மாறுவது நமக்கு இரவு 8 மணிக்கு. இப்போது சூரியன் மறைவது எட்டரைக்கு. அரசுப் பார்க்குகள் பெரும்பாலும் இருட்டும் வரை திறந்திருக்கும். ஆகவே ஏழரைக்குள் பத்து, எட்டு மணி அடித்ததும் இன்னொரு பத்து. நாற்காலியை நகர்த்தாமல் இரண்டு நாள் கணக்கு. இதை லேட் ஷிஃப்ட் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் 20 மீட்டர் இந்த மாதம் இருட்டிய பிறகும் மூடாமல் கிடக்கிறது.

10 மீட்டரைத் திறந்து பாருங்கள். செத்துக் கிடந்தது திடீரென ஃப்ளோரிடாவும் மிசௌரியும் காதைக் கிழிக்கும், அரை மணியில் மறுபடி மௌனம். ஸ்போராடிக் ஈ. நூறு கிலோமீட்டர் உயரத்தில் திட்டுத் திட்டாக உண்டாகும் அயனிக் கூட்டம், ஒரே தாவலில் 2000 கிலோமீட்டர் வரை கொண்டுபோகும். மே கடைசி முதல் ஆகஸ்ட் வரை இதன் காலம். வரும் நேரம் சொல்ல முடியாது, வரும்போது 5 வாட்டே அதிகம்.

2024 ஜூலை 16

கடலோரத்து ஐலண்ட் பீச் பார்க் பக்கம் போகிறவர்களுக்கு: கிரீன்ஹெட் ஈ. உப்புச் சதுப்பில் பிறப்பது, ஜூலையில் உச்சம். அது கொசு மாதிரி உறிஞ்சாது, தோலை வெட்டும். மைக்கைப் பிடித்த கையில்தான் உட்காரும். உப்பு நீரோரம் செங்குத்து ஆன்டெனாவுக்குத் தங்கமான இடம், தாழ்ந்த கோணத்தில் ஐரோப்பா நேரே வந்து விழும். ஆனாலும் ஜூலையில் வேண்டாம். அக்டோபரில் போங்கள்.

2024 ஆகஸ்ட் 11

எழுத வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. ஏப்ரலில் "10 வாட், முடிவு" என்று போட்டதற்கு ஒரு வால் ஒட்ட வேண்டும்.

மூன்று வாரமாக 40 மீட்டரில் படாதபாடு. பகலில் டி அடுக்கு தின்கிறது. மாலையில் அது விலகும்போது இடியோசை. தெற்கு மாநிலங்களில் எங்கேயோ வெட்டும் மின்னல் எல்லாம் சேர்ந்து ஹெட்ஃபோனில் சரக் சரக் என்று வந்து விழுகிறது. கவனியுங்கள், என் காதில் மட்டும் விழுந்தால் நான் தாங்கிக்கொள்வேன். ஒஹையோவில் உட்கார்ந்து என்னைக் கேட்க முயலும் ஹன்டரின் காதிலும் அதே இரைச்சல். என் அழைப்புக் குறியின் நடு எழுத்தை ஒவ்வொரு முறையும் இடி தின்றுவிடுகிறது. பக்கத்து மேசையில் ஒருவர் 100 வாட்டோடு வந்திருந்தார். அதே அலைவரிசைப் பக்கம், அதே உயர வயர், மளமளவென்று முடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த 10 டெசிபெல் குளிரில் எனக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. ஆகஸ்டில் தேவைப்படுகிறது.

ஆக உங்களுக்குச் சொன்னவர்கள் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள். 100 வாட் கேட்பது கோடை. குளிரில் இரைச்சல் அடங்கிவிடும், 10 வாட்டில் ராஜா.

அதற்காக வாங்கிவிடாதீர்கள். 100 வாட் பெட்டி பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கேற்ற பேட்டரியை 35 டிகிரி வெயிலில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். 40 மீட்டரை விட்டு 20-க்குப் போவது மலிவு.

இடி பற்றி ஒன்று. ரேடியோவில் சரக் சத்தம் கேட்பதெல்லாம் அருகில் புயல் என்று அர்த்தமில்லை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். காதில் நேராக இடி கேட்டால் பேச்சே இல்லை: ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளைக் கழற்று, காருக்குள் போ. தொடர்பு ஒன்பதில் நின்றாலும் சரி.

2024 அக்டோபர் 13

இதுதான் பார்க் ரேடியோவின் பொங்கல். உண்ணிக் குஞ்சு இல்லை, ஈ இல்லை, இடி இல்லை. வியாழன் இரவு மறுபடி வான ஒளி, இந்த முறை ஜெர்சியில் வீட்டு வாசலில் நின்றே பார்த்தோம். இரண்டே நாளில் அலை தேறிவிட்டது. சூரியனின் செயல்பாடு கூடிக் குறையும் சுழற்சி, இப்போதைய 25-ஆவது, உச்சக் கட்டத்தில் இருப்பதால் 10 மீட்டர் காலையில் ஐரோப்பா, மதியம் தாண்டி மேற்குக் கரை என்று கடிகாரம் வைத்தாற்போல் நடக்கிறது. கோடையில் ஸ்போராடிக் ஈயை நம்பிக் காத்திருந்த அதே பேண்ட். வட அரைக்கோளத்தில், தூரத்துச் சிக்னலைத் திருப்பி அனுப்பும் எஃப்2 அயனி அடுக்கு கோடைப் பகலைவிடக் குளிர்காலப் பகலில் வலுவாக இருக்கும். வெயில் குறைவாக இருக்கும்போது அதிக வலுவா என்று எனக்கும் முதலில் விசித்திரமாகத்தான் பட்டது. மேல்வளிமண்டலத்தில் கோடையில் மூலக்கூறு நைட்ரஜன் விகிதம் கூடுகிறது, அது அயனிகளைச் சீக்கிரம் அழித்துவிடுகிறது. குளிரில் ஆக்சிஜன் அணுக்களின் விகிதம் கூடி அயனிகள் நிலைக்கின்றன.

2024 நவம்பர் 17

அக்டோபர் முழுக்க ஒரு துளி மழை இல்லை என்று சொல்லலாம். மாநிலமே பற்றி எரியத் தயாராக இருக்கிறது, வடக்கே வெஸ்ட் மில்ஃபோர்ட் பக்கம் எரியவும் செய்கிறது. பார்க்கில் கரி அடுப்புத் தடை. நம் பேட்டரி முனைகளுக்கும் மூடி போடுங்கள். காய்ந்த பைன் ஊசிமேல் ஒரு பொறி விழுந்தால் போதும்.

வார்ட்டன் காட்டு மணலில் என் செங்குத்து ஆன்டெனா இந்த மாதம் மந்தம். மணலே சுமாரான தரை, ஈரமும் போனால் கேட்க வேண்டாம். எட்டு ரேடியல் போட்டேன், கொஞ்சம் தேவலை. மரத்தில் தொங்கும் வயருக்கு இந்தக் கவலை குறைவு.

கடிகாரம் 3-ஆம் தேதி மாறிவிட்டது. யுடிசி நாள் இப்போது இரவு 7 மணிக்கு மாறுகிறது, சூரியனோ நாலரைக்கே போய்விடுகிறது. லேட் ஷிஃப்ட் ஆட்டம் மார்ச் வரை கிடையாது, வாசலைப் பூட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, இப்போது காட்டில் நிஜ ஹன்டர்கள் இருக்கிறார்கள். டிசம்பர் தொடக்கத்தில் மான் வேட்டைக்குத் துப்பாக்கி வாரம். பளிச்சென்ற ஆரஞ்சு மேலங்கி போட்டுக்கொள்ளுங்கள். பழுப்பு ஜாக்கெட்டில் புதருக்குப் பின்னால் குனிந்து ரேடியல் பரப்புவது நல்ல யோசனையாக எனக்குப் படவில்லை.

2024 டிசம்பர் 22

எடிசன் நண்பர் 10 வாட் பெட்டி வாங்கிவிட்டாராம், வாழ்த்துகள். கேள்வி: "இந்தியா எட்டுமா?"

இதற்காகவே குளிரில் வெளியே வர வேண்டும். இந்த வாரம் ஜெர்சியில் சூரிய உதயம் காலை ஏழேகால் சுமாருக்கு. அப்போது சென்னையில் மணி மாலை ஐந்தே முக்கால், அங்கே சூரியன் மறைகிற நேரம். இரண்டு ஊரும் ஒரே சமயத்தில் இரவு பகல் விளிம்பில் நிற்கின்றன. 40 மீட்டருக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் கிடையாது. ஜூனில் இங்கே விடியும்போது அங்கே மதியம் மூன்று மணி வெயில், வாய்ப்பே இல்லை.

இடைஞ்சல் என்ன என்றால், இந்தியாவில் 40 மீட்டர் 7.200 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது, ஜெனரல்காரருக்கு இங்கே குரல் தொடங்குவது 7.175-ல். நடுவே 25 கிலோஹெர்ட்ஸ் சந்துதான் பொது. 10 வாட் குரலில் அந்தச் சந்துக்குள் இந்தியாவைப் பிடிப்பது லாட்டரி. மோர்ஸோ, கணினி வழியே அனுப்பும் எஃப்டி8-ஓ என்றால் முயலலாம். விடிந்து ஒரு மணி நேரம் வரை 20 மீட்டரையும் பாருங்கள், எனக்கு அங்கேதான் பலித்தது. விஐயூ என்று குறி தொடங்கும் இந்திய நிலையம் ஒன்று என் குறியின் கடைசி எழுத்தை இரண்டு முறை கேட்டு வாங்கி, சிக்னலுக்கு 559 என்று மதிப்பெண் கொடுத்தது. அடுத்த நொடி மங்கிப்போனது.

குழந்தையை மைக்கில் பேசவிடலாமா என்றும் கேட்டிருந்தார். அமெரிக்க நிலையங்களோடு என்றால், நீங்கள் பக்கத்தில் இருந்து பெட்டியைக் கட்டுப்படுத்தினால் பேசட்டும். இந்தியாவோடு கூடாது. உரிமம் இல்லாதவர் பேசுவதற்கான உடன்பாடு இரு நாட்டுக்கும் இடையே இல்லை. தாத்தாவிடம் பேச வாட்ஸ்அப் இருக்கிறது.

இன்றே சொல்லிவிடுகிறேன், 25-ஆம் தேதி வாஷிங்டன் கிராசிங் பார்க்குக்குப் போகாதீர்கள். 1776 கிறிஸ்துமஸ் இரவில் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடந்ததைப் படகோடு நடித்துக் காட்டுவார்கள். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

2024 டிசம்பர் 23

மேலே விஐயூ என்று அடித்திருப்பது விரல் விறைப்பு. வீயூ, வீயூ.

2025 ஜனவரி 27

விண்டர் ஃபீல்ட் டே வார இறுதி. தரையில் பனி.

பேட்டரி பற்றித் தெளிவாக. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி குளிரிலும் மின்சாரம் கொடுக்கும், கொள்ளளவு குறையும், அவ்வளவுதான். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது. செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து அப்படியே பாழாகும். காரில் ராத்திரி முழுக்கக் கிடந்த பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, உடம்பெல்லாம் அறைச்சூட்டுக்கு வந்த பிறகுதான் சார்ஜரில் போட வேண்டும். சோலார் பலகையை நேராக மாட்டிவைப்பவர்கள் ஜனவரியில் கழற்றிவிடுங்கள். பார்க்கில் நான் பேட்டரியை ஜாக்கெட் உள்பையில் வைத்து வயரைக் கழுத்து வழியே எடுக்கிறேன். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

கோஆக்ஸ் குளிரில் கம்பியாகிவிடும், வளைத்து ஒடிக்காதீர்கள். பனிமேல் ரேடியலைச் சும்மா போட்டாலே வேலை செய்கிறது. சொதசொதப்பில் மட்டும் போடாதீர்கள், சாயங்காலம் உறைந்து தரையோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் அறும். இலை உதிர்ந்த மரத்தில் கயிறு சிக்குவதே இல்லை, முதல் வீச்சில் போய்விடுகிறது. தொடுதிரைக்கு விரல் நுனி வெட்டிய கையுறை, மேலே ஒரு மடக்கு மிட்டன். நாற்பது நிமிடம், ஃப்ளாஸ்க் காபி தீரும் வரை. அதற்குள் 10 வாட்டில் பத்துக்கு மேலேயே வந்துவிடுகிறது. 40 மீட்டர் ஆகஸ்டில் இருந்த அதே பேண்டா என்று சந்தேகம் வரும் அளவுக்கு நிசப்தம்.

காருக்குள் உட்கார்ந்து செய்தால் போலியா என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். வண்டி அந்தப் பார்க்கின் எல்லைக்குள் நின்றால் விதிப்படி செல்லும். எனக்கு ஹீட்டர் விசிறியின் இரைச்சல் ரேடியோவில் ஏறுவது பிடிக்காது, அதனால் வெளியே.

2025 பிப்ரவரி 9

"குளிரில் உண்ணி இல்லை" என்று கீழே ஒருவர் போட்டிருப்பதை யாரும் நம்ப வேண்டாம். நான் அக்டோபரில் சொன்னது குஞ்சுகளைப் பற்றி. வளர்ந்த மான் உண்ணி இலையுதிர்காலத்தில்தான் கிளம்பும், குளிர்காலத்திலும் வெப்பநிலை 4 டிகிரிக்கு மேலே ஏறி, தரையில் பனி இல்லாத நாளில் நடமாடும். வெள்ளைத் துணி பன்னிரண்டு மாதமும் பையில் இருக்கட்டும்.

எடிசன் நண்பருக்கு: 100 வாட் பெட்டி பாதி விலைக்கு வருகிறது என்கிறீர்கள். எடுத்து வையுங்கள், ஜூலையில் தேவைப்படும். அதுவரை அது அலமாரியில் தூங்கட்டும்.